உப்பு மாற்றும் நாள்

துடியலூர் தாண்டும்வரை காருக்குள் யாரும் பேசவில்லை.

பின் இருக்கையில் செல்லாத்தாள் இரண்டு பைகளை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்றில் கல்லுப்பு, இன்னொன்றில் நாட்டுச் சர்க்கரை. பெரியநாயக்கன்பாளையம் கடைவீதிக்கு அவளே நடந்து போய் வாங்கி வந்தவை. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த உப்பும் சர்க்கரையும் தன் கையால் வாங்கியதாக இருந்தால் மகளுக்கும் ஒரு நல்ல காலம் பிறக்கும் என்று அவளுக்குள் ஒரு எண்ணம்.

இன்று மதுக்கரையில் சென்னியப்பன் வீட்டில் உப்புச் சர்க்கரை மாற்றுகிறார்கள். இரு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து கைமாற்றிவிட்டால் கல்யாணம் உறுதி. தாலி அப்புறம்தான். மாற்றிய பிறகு ஒரு வீட்டைப் பற்றி இன்னொரு வீடு வெளியில் வாய் திறக்கக் கூடாது. திறந்தவர்களை உறவுக்குள் யாரும் சேர்த்துக்கொண்டதில்லை.

மாப்பிள்ளை மிதுன்தான் காரை ஓட்டினான். வேறு நாளாக இருந்திருந்தால் பங்காளிகள் அதற்கே ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பார்கள். இன்று அவர்கள் பின்னால் ஒரு வேனில் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். மூத்த பெண்ணைக் காணோம், அதற்குள் தம்பிக்குக் கல்யாணப் பேச்சா என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மிதுனுக்குத் தெரியும். அவனே தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

அக்கா மதிவதனி பாங்காக் வேலைக்கென்று போனாள். கணினி முன் உட்கார்ந்து செய்கிற வேலை, நல்ல கம்பெனி என்று பீளமேட்டில் ஒரு ஏஜென்சி அனுப்பி வைத்தது. விமானத்தை விட்டு இறங்கியவளை ஒரு வேனில் ஏற்றி, ஆற்றைக் கடந்து, எந்தப் போலீசும் எட்டிப் பார்க்காத பக்கத்து நாட்டு எல்லைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். யாருடைய போனிலிருந்தோ அவள் குரல் ஒரே ஒரு முறை வந்தது. கேட்டுக்கு வெளியே விடுவதில்லை, போனில் ஆட்களை ஏமாற்றச் சொல்கிறார்கள், மறுத்தால் அடிக்கிறார்கள் என்று கிசுகிசுத்தாள். அதற்கப்புறம் தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று.

அப்பா தம்பிதுரை தன் லேத் பட்டறையை மூடிவிட்டு ஏறாத அலுவலகம் இல்லை. அந்த எல்லையில் எத்தனையோ கட்டடங்கள், உங்கள் பெண் எதில் இருக்கிறாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே எல்லா மேசையிலும் கிடைத்த பதில். கடைசியில் வக்கீல் ஜெனிதாதான் அவர் பேரில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டாள். திங்கட்கிழமை விசாரணை. ஏஜென்சியை நடத்துவது உண்மையில் யார் என்று நீதிபதி அன்றைக்குக் கேட்கப் போகிறார்.

அந்த மனு போட்ட சூட்டில்தான் சென்னியப்பன் அவர்கள் வீட்டுப் படியேறினார்.

மாவட்டத்தில் கட்சி என்றால் அவர்தான். வரும் தேர்தலில் அவருக்குத்தான் சீட் என்று சுவர்களில் இப்போதே இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அவருடைய ஒரே மகள் லோகப்பிரியாவும் மிதுனும் கல்லூரி நாளிலிருந்து ஒருவரையொருவர் விரும்பியது அவருக்குத் தெரியும். லேத் பட்டறைக்காரன் மகனுக்குப் பெண்ணில்லை என்று சொன்னவரும் அவர்தான். அவரே வந்து பாயில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, என் சம்பந்தி வீட்டுப் பெண்ணை எவன் பிடித்து வைத்திருக்கிறான் பார்க்கலாம், டெல்லி வரைக்கும் நான் பேசுகிறேன் என்றார்.

தம்பிதுரை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். உப்பு மாற்றிவிட்டால் மதியும் அவர் வீட்டுப் பெண் மாதிரிதான். அதன்பின் எந்தக் கவுண்டனும் கைவிட முடியாது. இதுதான் அவர் கணக்கு.

காலையில்கூட ஜெனிதா போன் செய்தாள். திங்கட்கிழமைவரை யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடாதீர்கள், பின்னால் யாரோ பெரிய ஆள் இருக்கிறார் என்றாள். மிதுன் அதை அப்பாவிடம் சொன்னான். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே, "பெரிய ஆளுக்குப் பெரிய ஆளு நம்ம பக்கம் இருக்கறாரு, நீ வண்டிய எடு" என்றார்.

மதுக்கரைத் தோட்டத்து வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாக நின்றன. சென்னியப்பனின் டிரைவர் பங்காரு ஓடி வந்து கார்க் கதவைத் திறந்தான்.

"சாவியக் குடுத்துட்டு நீங்க உள்ள போங்க மாப்ளை. நாங்க ஓரமா நிறுத்திக்கறமுங்க."

மிதுன் கொடுத்துவிட்டு நடந்தான். திரும்பிப் பார்த்தபோது அவன் காரை மதில் ஓரமாக விட்டு, அதற்குக் குறுக்கே இரண்டு கட்சிக் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

சென்னியப்பன் வாசலுக்கே வந்து ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வாங்க என்றார். யாருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி என்பதுவரை கேட்டு வைத்திருந்தார். அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. எல்லாப் பேச்சும் மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிந்தது. அதில் எங்கே கோபப்படுவது, எந்த இடத்தில் இல்லை என்று சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பவானி ஜமுக்காளம் விரித்த கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் அவர் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், பொண்ணூட்டுச் சீரு ஒண்ணு பாக்கி இருக்குதுங்க. அத மொதல்ல செஞ்சுபோடறேன்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணை அழுத்தி, எவனிடமோ இந்தியில் ஒரு வார்த்தை சொல்லி, சிரித்தார். பிறகு போனைத் தம்பிதுரை முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

திரையில் மதிவதனி இருந்தாள்.

கூடத்தில் யாரோ ஒரு பெண் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். செல்லாத்தாள் அழவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள், கழுத்தெலும்பைப் பார்த்தாள், வெட்டப்பட்டிருந்த முடியைப் பார்த்தாள். சாப்பிட்டாயா கண்ணு என்று மட்டும் கேட்டாள். மதி தலையாட்டினாள். ஆனால் அவள் கண் அம்மாவைப் பார்க்கவில்லை. திரைக்கு மேலே யாரையோ பார்த்தது.

"நான் நல்லா இருக்கறனுங்கப்பா. கோர்ட்டுல போட்டதை மட்டும் வாபஸ் வாங்கிப்போடுங்க. வாங்குன ஒடனே ஊருக்குத் தாட்டி உடறோம்னு சொல்லியிருக்கறாங்க. மிதுனோட இணைச்சீருக்கு நான் வந்துருவேன்."

மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற சீர் அது. அக்காவுக்கு அந்தச் சீர் மேல் எவ்வளவு ஆசை என்று மிதுனுக்குத் தெரியும். என்ன நிறத்தில் பட்டு என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். அவள் இப்போது அதைச் சொன்ன விதத்தில் எந்த நிறமும் இல்லை.

திரை அணைந்தது.

தம்பிதுரை சென்னியப்பனின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சென்னியப்பன் அவற்றை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாமுங்க மச்சான். மனு உங்க பேருலதானுங்களே இருக்குது? வக்கீலக் கூப்புட்டு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மத்தது என்ற பொறுப்பு."

எல்லோரும் அவரைத் தெய்வம் மாதிரி பார்த்தார்கள். மிதுன் மட்டும் அந்தப் போனையே பார்த்தான். இந்திய அரசாங்கத்தால் கண்டுபிடிக்க முடியாத கட்டடம். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நேற்றுவரை சொன்ன மனிதர். ஒரு காப்பி ஆறுவதற்குள் அக்காவை எப்படித் திரைக்குக் கொண்டுவந்தார்?

பத்துப் பேர் நடுவில் தன் செல்வாக்கைக் காட்ட ஆசைப்பட்டு, காட்டக் கூடாததை அவர் காட்டிவிட்டார்.

முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று மிதுன் பின்கட்டுக்குப் போனான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் லோகப்பிரியா நின்றிருந்தாள். அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை. இப்படி ஒரு நாளுக்காக எவ்வளவு காத்திருந்தார்கள் இரண்டு பேரும். அவள் முகம் சாம்பலாக இருந்தது.

"நேத்துச் சாயங்காலமும் அக்கா அந்த போன்ல பேசுனாங்க மிதுன்."

அவன் குழாயை மூடவில்லை. சத்தம் இருக்கட்டும் என்று விட்டான்.

"இப்பச் சொன்னாங்களே, அதே வார்த்தைய அப்பா திருப்பித் திருப்பிச் சொல்ல வெச்சாரு. ஒரு தடவை அழுது மாத்திச் சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் இருந்தவன்கிட்ட, இன்னிக்கு இவளுக்குத் தண்ணி குடுக்காதேன்னாரு. சமையக்கட்டுல நின்னு கேட்டேன்." அவள் தலையில் இருந்த மல்லிகையைத் தொட்டாள். "அப்புறம் வந்து, உனக்குப் பூ வாங்கிட்டு வந்தேன் பாரு அம்மணின்னு இந்தப் பூவக் குடுத்தாருங்க."

மிதுன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நான் உள்ளே போய் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றான்.

நீங்கள் சொன்னால் அங்கே அக்கா மேல் கை வைப்பார்கள் என்றாள் அவள்.

அப்படியானால் சரி என்று உப்பை மாற்றிக்கொள்வதா?

"மாத்திட்டா மனு போயிரும். மனு போன பொறவு அக்கா உசுரோட இருக்கறது அவங்களுக்கு எதுக்குங்க?"

இரண்டு வழியையும் அவன் மனத்துக்குள் நடந்து பார்த்தான். இரண்டும் ஒரே சுவரில் போய் முட்டின. உள்ளேயிருந்து அத்தைக்காரி அம்மணி, அம்மணி என்று கூப்பிட்டாள். லோகப்பிரியா அவன் கையை ஒரு முறை இறுக்கிப் பிடித்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

ஜமுக்காளத்தின் நடுவில் இரண்டு தட்டுகள் வைக்கப்பட்டன. ஒரு பக்கம் தம்பிதுரை, எதிரே சென்னியப்பன். கல்யாணச் சீர்களை நடத்திக் கொடுக்கும் அருமைக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். செல்லாத்தாள் கொண்டுவந்த உப்பு ஒரு தட்டில் குவிந்திருந்தது.

பெண்ணுக்குச் சம்மதமா என்று அருமைக்காரர் கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. அவரும் காத்திருக்கவில்லை, தட்டை நகர்த்தப் போனார்.

"எனக்குச் சம்மதமில்லீங்க."

லோகப்பிரியா கூடத்துத் தூணருகே நின்றிருந்தாள். அருமைக்காரர் தட்டில் வைத்த கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம்னு சொல்றது நானுங்க. மாப்ளை ஊட்டு மேல ஒரு குத்தமும் இல்லை. அவங்க சரின்னுதான் வந்து ஒக்காந்திருக்கறாங்க. இத இங்க இருக்கற எல்லாரும் கேட்டுக்கோங்க."

அவள் மிதுனைப் பார்க்கவே இல்லை. அவனுக்கோ அப்போதுதான் புரிந்தது. அவன் வாயிலிருந்து வந்திருந்தால் அக்காவைக் கொன்றிருக்கும் சொல்லை, இத்தனை வருஷ ஆசையை மிதித்துக்கொண்டு அவள் தன் வாயால் சொல்லியிருக்கிறாள். எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்க அவன் உடம்பு துடித்தது. நின்றால் அவள் சொன்னது வீணாகிவிடும். உட்கார்ந்தே இருந்தான். அவன் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

சென்னியப்பன் சிரித்தார்.

"நேத்துல இருந்து புள்ளைக்குக் காச்சலுங்க. உள்ள கூட்டிட்டுப் போ" என்று தங்கையிடம் சொன்னார். இரண்டு பெண்கள் லோகப்பிரியாவை அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் வெளிப்பக்கத்திலிருந்து விழும் சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. கேட்காத மாதிரி எல்லோரும் அருமைக்காரரைப் பார்த்தார்கள்.

பெண் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் என் கை தட்டைத் தொடாது என்று சொல்லி அவர் எழுந்து துண்டை உதறினார். அத்தனை பெரிய வீட்டில் மகளை விட்டால் சென்னியப்பனுக்கு அடங்காத ஒரே ஆள் அவர்தான் போலிருந்தது.

தப்பித்தோம் என்று மிதுன் நினைத்தான். அந்த நினைப்பு முடிவதற்குள் அப்பாவின் குரல் கேட்டது.

"மச்சான், கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காட்டியும் சரி. நான் மனுவ வாபஸ் வாங்கிக்கறனுங்க. என்ற புள்ளையக் கொண்டாந்து குடுத்துருங்க."

தம்பிதுரை ஜமுக்காளத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

சென்னியப்பன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கை போட்டார். அப்படியானால் திங்கட்கிழமைவரை நீங்கள் இங்கேயே தங்குங்கள், என் வக்கீலை இங்கேயே வரச் சொல்கிறேன், வீடியோவிலேயே கோர்ட்டில் சொல்லிவிடலாம், வீட்டில் இருந்தால் மனசு அலைபாயும் என்றார். அத்தனையும் அக்கறை. பிறகு மிதுன் பக்கம் திரும்பினார்.

"அப்பா இங்க பத்தரமா இருப்பாருங்க மாப்ளை. நீங்க ஊட்டுல அமைதியா இருந்தீங்கன்னா எல்லாருமே பத்தரமா இருப்பாங்க."

பங்காளிகள் பந்தியில் பாதியில் எழுந்து வேனில் ஏறிப் போனார்கள். ஒருவர்கூட மிதுன் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளைச் சட்டைகள் கொஞ்சம் விலகிய ஒரு நொடியில் மிதுன் அப்பாவின் பக்கத்தில் குனிந்தான். அக்காவை வைத்திருப்பதே இவர்தான் என்று காதில் சொன்னான்.

"தெரியுது" என்றார் தம்பிதுரை. "போனைத் திருப்புனப்பவே தெரிஞ்சுபோச்சு. வெச்சிருக்கறவன்தானடா உட முடியும்? வேற யாரு காலுல நான் உளுகறது?"

மிதுன் நிமிர்ந்து சென்னியப்பனின் கைகளைப் பார்த்தான். அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதே அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் ஒற்றிக்கொண்டிருக்கிறார்.

செல்லாத்தாள் கணவனுக்கு முன்னால் வந்து நின்றாள். நீ போ, நம் பிள்ளை வந்துவிடும் என்று அவர் சொன்னார். அவள் அவருடைய ரத்த அழுத்த மாத்திரையைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்து மூடினாள். சென்னியப்பன் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கினார். அழுகிற அம்மாவை ஆறுதல் சொல்லி அனுப்புவதற்கு மேல் அவளைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. காலையிலிருந்து அவள் என்ன நினைக்கிறாள் என்று அவர் கேட்டிருக்கவும் இல்லை.

பங்காரு சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். குறுக்கே நின்ற கார்கள் விலகின. வாசல் கேட் திறந்து, அவர்கள் வெளியே வந்ததும் பின்னால் மூடிக்கொண்டது.

குனியமுத்தூர் வருவதற்குள் மிதுன் தொட்டியருகே லோகப்பிரியா சொன்னதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி முடித்தான். தண்ணீர் விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவனால் முடியவில்லை. அவளே புரிந்துகொண்டு, சரி, மேலே சொல் என்றாள்.

பிறகு அவள்தான் கேட்டாள்.

"உங்கப்பன் வாபஸ் வாங்கறது அவரு பேருல இருக்கற மனுவத்தான கண்ணு?"

"ஆமாங்கம்மா."

"என்ற பேருல ஒண்ணு போட முடியுமான்னு அந்த வக்கீலம்மாளக் கேளு. நானுந்தான அவளப் பெத்தேன்?"

மிதுன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அப்பா உள்ளே இருக்கிறார் என்பதை அவளுக்கு நினைவுபடுத்தினான். லோகப்பிரியாவும் உள்ளேதான் இருக்கிறாள் என்பதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"எல்லாரையும் எண்ணிப் பாத்துட்டுத்தான் கேக்கறேன்" என்றாள் செல்லாத்தாள். "பயந்துக்கிட்டு இருந்தா மூணு பேரையும் அவரே வெச்சுக்குவாரு. நீ போனைப் போடு."

மிதுன் போனை ஸ்பீக்கரில் போட்டான், ஜெனிதா முதல் மணியிலேயே எடுத்தாள். நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். முடியும் என்றாள். பெற்ற தாய் தனியாக மனு கொடுக்கலாம், இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையே அவசரமாக எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், காந்திபுரத்தில் என் அலுவலகத்துக்கு நேராக வந்துவிடுங்கள் என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"ஆனா போன மனு மாதிரி இல்லை. யார் மேல சந்தேகம்னு இந்தத் தடவை பேர் சொல்லணும். சொன்னதுக்கு அப்புறம் பின்வாங்கினா மதியை யாராலும் காப்பாத்த முடியாது. நான் வரைவு எழுத ஆரம்பிக்கணும். அம்மா யோசிச்சுச் சொல்லட்டும், நான் லைன்லயே இருக்கேன்."

உக்கடம் மேம்பாலத்தில் ஏறும்போது மிதுன் கண்ணாடியைப் பார்த்தான். ஒரு வெள்ளைக் கார். தோட்டத்து வாசலில் நின்றிருந்த கார்களில் ஒன்று. அவன் வேகம் குறைத்தால் அதுவும் குறைத்தது. அவன் பார்ப்பதைப் பார்த்துச் செல்லாத்தாளும் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு முன்னால் குனிந்து, போனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போல, குரல் உயராமல், மரியாதை குறையாமல் சொன்னாள்.

"எழுதிக்கங்க வக்கீலம்மா. மதுக்கரை சென்னியப்பனுங்க."

போனை வைத்த பிறகுதான் அவள் அழுதாள். மிதுன் காந்திபுரம் பக்கம் வண்டியைத் திருப்பினான். வெள்ளைக் காரும் திரும்பியது. இப்போது அது இடைவெளி விட்டு வரவில்லை.